நான்காவது பிணைப்பு

மகனே, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். உன் அப்பாவுக்குக்கூடக் காட்டாதே. அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது. நீயும் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினெட்டு வயது. உயர்தர வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். இன்னும் ஐந்து மாதத்தில் பரீட்சை. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்றை ஒருவரிடம் சொன்னால் அடுத்த நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் சேருவதற்கு முன்னால் எல்லா லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிடும். பிறக்காத ஒருவன்தான் வாயைத் திறக்க மாட்டான் என்று உன்னைத் தேர்ந்தெடுத்தேன். மகளுக்கு எழுதலாமா என்றும் யோசித்தேன். மகளென்றால் என்னைப் போலவே இருந்துவிடுவாளோ என்று பயம் வந்தது. நீ வளர்ந்து, மீசை வைத்து, என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவனாய் இதைப் படிப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அப்போதும் நான் உன் அம்மா. தங்கச்சியை அதட்டுகிற மாதிரி என்னை அதட்டாதே.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைத் துவாயால் பாதி மூடிக்கொண்டு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மா படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார்; அவருக்கு இது எதுவும் தெரியாது. நாளைக் காலை எட்டு மணிக்குப் பாடசாலை அதிபரின் அறைக்கு அம்மாவும் நானும் போக வேண்டும். அங்கே தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கரும், என் வகுப்பில் படிக்கும் அவர் மகள் தர்ஷினியும் இருப்பார்கள். நான் தர்ஷினியைப் பழிவாங்கினேன். அதற்கு நான் வருந்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எங்கேயாவது நான் அழுதால் வருத்தத்தில் அழுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

என்ன நடந்தது என்று புரிய உனக்குக் கொஞ்சம் இரசாயனம் தெரிய வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கைகோத்து நிற்கிற சங்கிலி. ஒன்றின் காபனும் அடுத்ததன் நைதரசனும் சேருகிற இடத்துக்குப் பெப்தைட்டுப் பிணைப்பு என்று பெயர். புத்தகத்தில் அதை ஒற்றைக் கோடாகத்தான் வரைவார்கள். ஒற்றைப் பிணைப்பென்றால் விருப்பம்போலச் சுழலும் என்று படிக்கிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். இது சுழலாது. பக்கத்தில் இருக்கும் ஒட்சிசனோடு இலத்திரன்களைப் பங்கு போட்டுக்கொள்வதால் அது பாதி இரட்டைப் பிணைப்பு. ஒற்றையைவிடக் குட்டை, இரட்டையைவிட நீளம். அதனால் அந்தக் காபன், அதன் ஒட்சிசன், நைதரசன், அதன் ஐதரசன், இரண்டு பக்கமும் நிற்கும் இரண்டு காபன்கள், ஆறும் ஒரே தளத்தில் தட்டையாய்க் கிடக்கும். கோணங்கள் நூற்றிருபது பாகைக்குக் கிட்டக்கிட்ட இருக்கும். திருப்பம் எல்லாம் ஒரு தட்டைக்கும் அடுத்த தட்டைக்கும் நடுவில் உள்ள காபனில்தான் நடக்கும். அங்கே திரும்பித் திரும்பித்தான் சங்கிலி சுருளாகிறது, மடிப்பாகிறது, முடியாகிறது, நகமாகிறது. திரும்பாத இடங்கள் இருப்பதால்தான் திரும்புகிற இடங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இதை முதல் முறை படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துப் போயிற்று.

ஏழு அமினோ அமிலங்கள், ஆறு பிணைப்புகள் கொண்ட ஒரு சங்கிலியைச் செய்யத் தொடங்கினேன். காற்றுக்குப் புரண்டு ஒடியாத குடை எங்கள் லயத்தில் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய் ஒடிந்த குடைகளை வாங்கிக் கம்பிகளைக் கழற்றினேன். காகிதக் கூழை உருட்டி அடுப்புக்கு மேலே காயவைத்து அணுக்கள் செய்தேன். காபனுக்கு அடுப்புக் கரி, நைதரசனுக்குத் துணிக்குப் போடும் நீலம், ஒட்சிசனுக்கு அடுத்த வீட்டு அக்காவின் நகப்பூச்சு, ஐதரசனுக்குச் சோக்குத் தூள். சுழல வேண்டிய இடங்களில் ஒற்றைக் கம்பியைத் தீர்ந்த பேனைக் குழாய்க்குள் விட்டேன். பெப்தைட்டுப் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு கம்பி உள்ள இடத்தை எவ்வளவு முறுக்கினாலும் திரும்பாது.

அம்மா தேயிலை மலையிலிருந்து வந்து கூடையைக் கூட இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். “என்னடி இது, பாம்பு மாதிரி நெளியுது?”

“புரதம்மா. பருப்புல இருக்கு, முட்டையில இருக்கு. உன் முடியிலயும் இருக்கு.”

“முடியிலயுமா? அப்ப தெனமும் சீப்புல கழண்டு வர்றது எல்லாம் இதுதானா. சேத்து வெச்சிருந்தா நீ இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லையே.”

ஆறு உருண்டையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றேன். அவள் உடனே போய்த் தன்னுடைய மட்டக்கம்பைக் கொண்டுவந்தாள். கொழுந்து எடுக்கும்போது செடிகளின் மேல் படுக்கவைத்து மட்டம் பார்க்கிற கம்பு அது. கம்புக்கு மேலே தலை நீட்டுவதைத்தான் எடுப்பார்கள். “கண்ணால பாத்து மட்டம்னு சொன்னா கங்காணி சும்மா விடுவாரா? வெச்சுப் பாரு. ஆடுது பார், அந்த வெள்ளைய கீழ அமுக்கு” என்று ஒவ்வொரு பிணைப்பாகக் கம்பை வைத்துப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் புத்தகம் ஒரு பக்கத்தில் சொன்னதை ஒரு கம்பில் சொன்னாள். ஒரு கிழமை, ஏழு நாளும், இரண்டு பேரும் அதிலேயே இருந்தோம். அவள் என்னோடு அத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாகாண விஞ்ஞான மாதிரிப் போட்டிக்கு என் சங்கிலியைத்தான் எங்கள் பாடசாலை எடுத்தது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் இரசாயனவியல் படிப்பிக்கிற சேர் என்னைக் கூப்பிட்டார். “இந்தா பாரு பிள்ளை, நீ செஞ்சது இல்லைன்னு யாரும் சொல்லல. ஆனா அங்க இங்கிலீசுல கேப்பாங்க. தர்ஷினி பேசிப் பழகினவ. ஸ்கூலுக்குப் பரிசு வந்தா உனக்கும்தானே சந்தோசம்?”

“என் பேரு சேர்?”

“ஒரு பேர்தான் போடலாமாம். அவங்க அப்பா வேன் தர்றாரு. நீயும் வா. சாமான் தூக்க ஒரு ஆள் வேணும்.”

வகுப்புக்குத் திரும்பி வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. தர்ஷினி மேசை மேல் உட்கார்ந்து மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “கொழுந்து எடுக்கிற வீட்டுக் கைதானே, வேகமாத்தான் செய்யும். பேசுறதுக்கு ஒரு தலை வேணுமே, அதுக்கு நான் போறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகனே. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கு வந்தது இல்லை. எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது அம்மா இரண்டு வருடம் மலைக்குப் போகாமல் பெரிய கிளாக்கர் வீட்டில் வேலை செய்தாள். தர்ஷினிக்கும் அதே வயது. என்னைக் காலையில் பிள்ளைக் காம்பராவில், மற்றத் தொழிலாளர்களின் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, அங்கே போய் அவளுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, முதுகில் தட்டித் தூங்க வைத்துவிட்டுச் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு வருவாள். சின்ன வயதில் அம்மா சொல்கிற கதைகளில் வரும் குழந்தை எல்லாம் தர்ஷினியாகத்தான் இருக்கும். அது இப்படிச் சிரிக்கும், அது இப்படிக் கோபித்துக்கொள்ளும் என்பாள். நான் எப்படிச் சிரித்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே என் சங்கிலியையும் அவளுக்குக் கொடு என்று சேர் சொன்னபோது எனக்கு அது புதிதாகவே இல்லை.

அடுத்த நாள் ஒரு உருண்டை கழன்றிருக்கிறது, ஒட்ட வேண்டும் என்று சொல்லி ஆய்வுகூடத்துச் சாவியை வாங்கினேன். வீட்டுக் குறடு பைக்குள் இருந்தது. நான்காவது பிணைப்பில் இரண்டு கம்பிகளில் ஒன்றை வெட்டி எடுத்தேன். மிஞ்சிய கம்பியைப் பேனைக் குழாய்க்குள் விட்டு நூலைச் சுற்றினேன். பார்த்தால் தெரியாது, தொட்டால் திரும்பும். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அன்று பின்னேரம் தர்ஷினி கொப்பியோடு என்னிடம் வந்தாள். தனியாக வந்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

“ஏய், கோவிச்சுக்காம சொல்லிக் குடேன். எது திரும்பும், எது திரும்பாது? எனக்கு இந்த எடம் மண்டையில ஏறவே இல்ல.”

நான் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசியில், “ஆனா இந்த நாலாவது மட்டும் விசேசம். இது திரும்பும். அவங்க முன்னால திருப்பிக் காட்டு, அசந்து போவாங்க” என்றேன். அவள் கொப்பியில் எழுதி அடியில் கோடு போட்டாள். “தேங்ஸ்டி” என்றாள்.

போட்டி சனிக்கிழமை நுவரெலியாவில். நடுவராக வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு வயதான மெடம். தர்ஷினி இங்கிலீசில் மனப்பாடம் செய்ததைத் தொடங்கியதும் அவர் கையைத் தூக்கி, “தமிழ்லயே சொல்லுங்க மகள், எனக்கும் அதுதான் சுகம்” என்றார். நான் பின்னால் வெறும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேர் எந்தப் பக்கம் பார்த்தார் என்று தெரியவில்லை, என் பக்கம் பார்க்கவில்லை. தர்ஷினி தமிழில் நன்றாகவே சொன்னாள். பிறகு, “இது மட்டும் விசேசம் மெடம்” என்று நான்காவது பிணைப்பைப் பிடித்து முறுக்கினாள். அரைச் சங்கிலி திரும்பிக்கொண்டு போனது.

மெடம் குனிந்து பார்த்தார். “மற்ற அஞ்சும் ரெண்டு கம்பி போட்டு இறுக்கியிருக்கு. அது சரி, அழகு. இதில மட்டும் ஏன் ஒண்டு?” தர்ஷினி அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் உதவி செய்யத்தான் பார்த்தார். “அந்த இடத்தில புரோலீன் வருதா மகள்? வந்தா சில நேரம் மற்றப் பக்கமா மடங்கி நிற்கும். ஆனா அப்பவும் தட்டையாத்தானே இருக்கும்? இப்பிடிச் சுழலாதே.” தர்ஷினி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு விடை தெரியும். உதடு அசைத்திருந்தாலே போதும். நான் மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தேன்.

“கட்டினது நீங்கதானே?”

“ஆமா மெடம்” என்றாள் தர்ஷினி.

“கட்டின ஆளுக்கு இது தெரியாம இருக்காதே” என்று மெல்லத்தான் சொன்னார். ஆனால் பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது. ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். தர்ஷினி மேடைத் திரைக்குப் பின்னால் போய் அழுதாள். எனக்குள் அது எப்படி இனித்தது என்று உனக்குச் சொன்னால் உன் அம்மாவை வெறுத்துவிடுவாய். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அந்த இனிப்பு திரும்பி வருகிற வழியில் நானுஓயா வரைக்கும் இருந்தது. அங்கே வேனுக்குள் தர்ஷினி என் பக்கம் திரும்பி, “நீதானே திரும்பும்னு சொன்னே?” என்று கேட்டாள்.

“எனக்கு என்ன தெரியும்? நான் சாமான் தூக்க வந்த ஆள்.”

சேர் முன் சீட்டில் தூங்குவது போல இருந்தார். எங்கள் லயத்துக்குத் திரும்பும் முடக்கில் வேன் நின்றதும், “இந்தக் குப்பைய எடுத்துக்கிட்டு எறங்கு” என்றாள் தர்ஷினி. அப்படித்தான் என் சங்கிலி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை எடுத்து வைத்து, பழக்கத்தில் மட்டக்கம்பை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தாள். நான்காவதில் கம்பு ஆடியது. “ஒரு கம்பி எங்கடி?”

“விழுந்திருக்கும்.”

“விழுந்த கம்பிக்கு அடிக்கட்டை மிஞ்சுமா?” உருண்டைக்குள் ஒட்டியிருந்த துண்டைத் தடவிப் பார்த்தாள். எங்கள் குறட்டில் முன்பே ஒரு பல் உடைந்திருந்தது. அது வெட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் நசுங்கும். குறட்டை எடுத்து அந்த முனையில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. அடிப்பாள் என்று நினைத்தேன். குறட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் புள்ள அழுதுச்சா?”

“அழுதா.”

“நெறையவா? சின்னதுல அழுதா அதுக்கு மூச்சு நின்னுரும். முதுகத் தட்டணும். யாரும் தட்டுனாங்களா?”

“எனக்கு மூச்சு நின்னுச்சாம்மா, சின்னதுல?”

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். “உன்னைய காம்பராவுல பாத்துக்கிட்டவங்களத்தான் கேக்கணும்” என்றாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். மகனே, அன்றைக்கு நான் அம்மாவையும் பழிவாங்கிவிட்டேன். அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

இன்றைக்குத் திங்கட்கிழமை. அதிபர் என் கையில் கடிதம் கொடுத்தார். பெரிய கிளாக்கர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். வேண்டுமென்றே பொருளைச் சேதப்படுத்தி, பொய்யாகச் சொல்லிக் கொடுத்து, பாடசாலையின் பெயரைக் கெடுத்ததாக. நிரூபணமானால் என்னைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம். நிறுத்திவிட்டால் என் பரீட்சை விண்ணப்பம் என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தேத்தண்ணீரை ஊதிக் குடித்து முடித்த பிறகு சொன்னாள்.

“நான்தான் கழட்டுனேன்னு சொல்றேன். நீ ஸ்கூலுக்குக் கொண்டு போறதுக்கு முந்தின நாள் குடைக்கு ஒரு கம்பி தேவைப்பட்டுச்சு. இதுல ரெண்டு ரெண்டா இருந்துச்சு, ஒண்ணு மிச்சம்னு நெனச்சு வெட்டிட்டேன். கொறடும் நம்மளுதுதானே.”

“திரும்பும்னு நான் சொல்லிக் குடுத்தது?”

“சொல்லலைன்னு சொல்லு. அந்தப் புள்ள கொழப்பத்துல மாத்தி எழுதியிருக்கும்னு சொல்லு.”

“அம்மா, உன்ன முட்டாள்னு நெனைப்பாங்க. அந்த ஐயா முன்னாலயும் அவ முன்னாலயும்.”

“இப்ப மட்டும் வேற என்னத்த நெனைக்கிறாங்க? கொழுந்துக்காரிக்கு என்ன தெரியும்னு ரெண்டு பேச்சு பேசிட்டு விட்டுருவாங்க. அவங்க நம்பறதுக்கு ரொம்ப லேசான பொய் இதுதான். நீ பரீட்ச எழுதணும்.”

அவள் சொன்னது சரி. உடனே நம்புவார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு உருண்டையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று தோட்டத்தில் வேறு யாருக்கும் புரியாதபோது புரிந்துகொண்டவள் அவள். இரண்டாவது கம்பி எதற்கு என்று தர்ஷினிக்குத் தெரியாது, அவள் அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அவள் போய் அந்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாதுங்க ஐயா என்று நிற்கப்போகிறாள். தர்ஷினி மேசை மேல் உட்கார்ந்து சொன்னதற்கு என் அம்மாவே சாட்சி சொல்லப்போகிறாள். அதன் பிறகு நான் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, ஒரு நாள் உன்னைப் பெற்று, உனக்கு எதைச் சொல்லிக் கொடுப்பேன்?

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உனக்கு யாராவது அநியாயம் செய்தால் பொறுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பொறுத்துக்கொண்டதில்லை, என்னிடம் அது இல்லை. கம்பியை வெட்டியதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் கட்டியது, நான் வெட்டினேன். ஆனால் ஒருத்தி கொப்பியோடு வந்து, எனக்குப் புரியவில்லை, சொல்லிக் கொடு என்று கேட்டால், சொல்லிக் கொடு. இல்லை, முடியாது போ என்று மூஞ்சியில் சொல். பிழையாகச் சொல்லிக் கொடுக்காதே. அவள் அடியில் கோடு போட்ட அந்த வரி என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அது ஒன்றுதான் நான் செய்த தப்பு. இன்னொன்றும் இருக்கிறது. என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றுதானே எனக்கு அவ்வளவு ஆத்திரம்? பழிவாங்கும்போது நானும் என் பெயரைப் போடாமல்தான் வாங்கினேன். சாமான் தூக்க வந்த ஆள் என்று அவர்கள் வைத்த பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அதனால் நாளைக்கு அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பேசப்போகிறேன். அதிபரிடம் சோக்கு கேட்பேன். பலகையில் அந்த ஆறு அணுக்களையும் வரைந்து, ஏன் திரும்பாது என்று சொல்லுவேன். இதைக் கட்டியது நான், மட்டம் பார்த்தது என் அம்மா, வெட்டியது நான், பொய் சொன்னது நான் என்பேன். பெரிய கிளாக்கர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவேன். உங்கள் மகள் பெயரில் போனது எங்களுடையது என்று அவர் காதால் கேட்கட்டும், சேரும் கேட்கட்டும், இந்த முறை யாரும் தூங்குவது போல நடிக்க முடியாது. என்னை நிறுத்தினால் நிறுத்தட்டும். கிளாக்கர் கோபத்தில் அம்மாவைத் தூரத்து மலை வேலைக்கு மாற்றினால்... அதை நினைத்தால்தான் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். விடிவதற்குள் இன்னும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வார்த்தை மட்டும் சரியாக வந்துவிட்டால் போதும், மிச்சம் எனக்குத்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். முன் கதவு. இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை. அம்மா எழுந்துவிட்டாள். யாருங்க என்று கேட்கிறாள். பெரிய கிளாக்கர் குரல். நாளை வரைக்கும் பொறுக்க முடியாமல் வந்திருக்கிறார். அம்மா தாழ்ப்பாளை இழுக்கிறாள். “ஐயா, பிள்ளை மேல தப்பு இல்லைங்க, அது வந்து, நான்தான்” என்று தொடங்கிவிட்டாள், மகனே, நான் போக